கேமரா இல்லாமல் படம் எடுத்து, விருதும் கொடுப்பது எப்படி

இணையத்தில் சினிமா பேசுகிற கூட்டம் எங்கே கூடினாலும் இந்த ஆட்டம் ஏதாவது ஒரு வடிவத்தில் முளைத்துவிடும். ஆளுக்கு ஒரு கற்பனைப் பட நிறுவனம். கையில் கற்பனைப் பணம். கதை எழுதி, நடிகர்களைப் போட்டு, ரிலீஸ் தேதி அறிவித்து, வசூல் பார்த்து, கடைசியில் விருது விழா. எங்கள் கூட்டத்தில் ஈரோடு, சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று பல ஊர்க்காரர்கள். பல சீசன் ஆடினோம். பெரும்பாலும் நடத்தும் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. கல்யாணம், குழந்தை, இரவு ஷிப்ட் என்று ஒவ்வொருவராக விலகி ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் அதன் விதிகளைக் கேட்டு இப்போதும் யாராவது எழுதுகிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். படம் எடுக்க ஆள் தேட வேண்டியதில்லை, ஒவ்வொருவர் மனதிலும் நாலு படம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தவர் படத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள்தான் கிடைக்கமாட்டார். அந்த ஆளை உருவாக்கத்தான் இங்கே விதிகள். எந்த விதியைச் சேர்ப்பதாக இருந்தாலும், இதனால் ஒருவர் இன்னொருவர் படத்தைக் கூடுதலாகப் படிப்பாரா என்று கேட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேருக்குக் குறைந்தால் சுவாரசியம் இருக்காது. பதினைந்தைத் தாண்டினால் யாரும் எல்லாப் படத்தையும் படிக்கமாட்டார்கள். பன்னிரண்டு பேர் சரியாக வரும். ஒரு சீசனுக்கு மூன்று மாதம், ஆளுக்கு ஒரு படம்.

பணமும் கால்ஷீட்டும்

எல்லோருக்கும் சமமாக 10 கோடி கொடுங்கள். முதல் வரிசை நட்சத்திரத்துக்கு 5 கோடி, இரண்டாம் வரிசைக்கு 2 கோடி, குணச்சித்திர நடிகருக்கு 50 லட்சம், புதுமுகத்துக்கு 5 லட்சம். ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் தலா ஒரு கோடி. நிஜச் சம்பளம் என்ன என்று தேட வேண்டாம், அந்த விவாதம் முடியவே முடியாது.

ஒரு சீசனில் ஒரு கலைஞருக்கு ஒரே படம்தான். இரண்டு பேர் கேட்டால் ஏலம். இந்த விதி இல்லாவிட்டால் பன்னிரண்டு படத்திலும் ஒரே நாயகன், ஒரே இசையமைப்பாளர். பன்னிரண்டு கதையும் ஒரே கதை. ஏலத்தில் தோற்றவர்கள்தான் எங்கள் ஆட்டத்தில் நல்ல படங்கள் எடுத்தார்கள். நட்சத்திரம் கைவிட்டுப் போனதும், கிடைத்த முகத்துக்கு ஏற்ற மாதிரிக் கதையைத் திரும்ப எழுதினார்கள்.

மறைந்த கலைஞர்களையும் அழைக்கலாம் என்று வைத்திருந்தோம். நிபந்தனை, எந்த வருடத்து முகம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியரான ஒரு நண்பர், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு வேடத்துக்கு 1960-களின் எஸ்.வி. ரங்கா ராவைக் கேட்டார். ரங்கா ராவ் 1918-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர். திரையில் நாம் பார்த்த அந்தப் பெரியவர்களை எல்லாம் நடுவயதிலேயே நடித்து முடித்துவிட்டார். நிஜமான முதியவரைத் தேடாமல், முதுமையைத் தோளில் ஏற்றிக்கொள்ளத் தெரிந்த நடுவயதுக்காரரைத் தேடியதாக அந்த ஆசிரியர் ஒரு பத்தி எழுதினார். அதைப் படித்த பிறகு எல்லோருமே நடிகர் தேர்வுக்குக் காரணம் எழுத ஆரம்பித்தார்கள். நீங்கள் அதைக் கட்டாயமாகவே வையுங்கள். ஒரு நடிகருக்கு ஒரு வாக்கியம் போதும்.

வாழும் நடிகர்களை வைத்து ஆடும்போது கண்டிப்பு வேண்டும். அவர்களுடைய வேலையைப் பற்றி மட்டும் எழுதலாம். குடும்பம், கல்யாணம், கிசுகிசு எதுவும் கூடாது. இப்போது ஆடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: அவர்கள் முகத்தைக் கணினியில் உருவாக்கிப் போஸ்டர் போடாதீர்கள். பார்க்கிறவர் நிஜப்பட அறிவிப்பு என்று நம்பிப் பரப்பிவிடுவார். கையால் வரைந்த போஸ்டர், அல்லது எழுத்து மட்டும் உள்ள போஸ்டர். எங்கள் குழுவில் நன்றாக வரையத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், மற்றவர்கள் எழுத்தை வைத்தே சமாளித்தோம், அதுவே அழகாக இருந்தது.

எதை எழுத வேண்டும்

தலைப்பு, ஒன்லைன் (கதையின் கரு ஒரே வரியில்), மூன்று காட்சிகள், ஒரு பாடலுக்கான சூழல், இடைவேளைக் காட்சி. மொத்தம் இரண்டு பக்கம். முழுக்கதையை எழுத விடவே விடாதீர்கள். ஆறு பக்கக் கதைச்சுருக்கத்தை நட்புக்காகக்கூட ஒருவரும் படிக்கமாட்டார். இடைவேளை கட்டாயம். நம் ஊர்ப் படத்தின் முதுகெலும்பு எங்கே வளைகிறது என்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும்.

காட்சி என்றால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற விஷயம் மட்டுமே இருக்க வேண்டும். ‘ஹீரோ மாஸாக என்ட்ரி கொடுக்கிறார், தியேட்டர் அதிர்கிறது’ என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள். ஈரோட்டு நண்பர் எடுத்த ‘ஏழாம் நம்பர் லாரி’ என்ற படத்தின் ஒன்லைன் இது: சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், கிளம்பிப் போன லாரி போய்ச் சேரவில்லை, கிளார்க் மூன்று நாள் டெலிபோன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதில் ஒரு காட்சியை அப்படியே தருகிறேன்:

“ராத்திரி இரண்டு மணி. கிளார்க் லெட்ஜரில் அதே வரியை மறுபடியும் விரலால் தடவிப் பார்க்கிறார். போன் அடிக்கிறது. எடுக்கிறார். ராங் நம்பர். வைத்த பிறகு, ரிசீவரைத் தன் கைப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைக்கிறார், அடுத்த தடவை சீக்கிரம் எடுக்கலாம் என்று.”

இவ்வளவுதான் காட்சி. அந்த ரிசீவரைத் திருப்பி வைப்பதில் ஒரு மனிதனுடைய மூன்று நாளும் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு விதிகளை அனுப்பும்போது இதையும் சேர்த்தே அனுப்புவேன்.

எழுதி முடித்ததும் சென்சார். அந்த சீசனில் ஏரியா எடுக்காதவர்களில் மூன்று பேர் (ஏரியா என்னவென்று கீழே சொல்கிறேன்) படித்துவிட்டு யு, யு/ஏ, ஏ என்று சான்றிதழ் கொடுப்பார்கள். 2023-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு யு/ஏ என்பதே 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது, இன்று தொடங்குகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது, 2011-இல் யு சான்றிதழும் வேண்டும் என்று அதைக் கறாராக்கினார்கள். நாங்கள் அதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தோம். தமிழ்த் தலைப்பும் யு சான்றிதழும் இருந்தால் வசூலில் பத்து சதவீதம் கூடுதல். அந்தப் பத்து சதவீதத்துக்காக ஒருவர் தன் படத்தின் ஒரே கொலையைக் கதவுக்குப் பின்னால் தள்ளினார். காட்சி முன்பைவிடப் பயங்கரமாக இருந்தது.

ஏரியா விற்பனை

ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வசூலை ஆட்டத்தின் நடத்துநர் தீர்மானிக்கவே கூடாது. எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் சண்டை வரும். பகடை உருட்டினால் எழுதியவனுக்கு மரியாதை இல்லை. தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரித்துப் படத்தை விற்கிற நம் விநியோக முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சென்னை, என்.எஸ்.சி. என்கிற வட ஆற்காடு-தென் ஆற்காடு-செங்கல்பட்டு, கோவை, சேலம், எம்.ஆர். என்கிற மதுரை-ராமநாதபுரம், டி.டி. என்கிற திருச்சி-தஞ்சாவூர், டி.கே. என்கிற திருநெல்வேலி-கன்னியாகுமரி. ஆக ஏழு ஏரியா. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் ஒரு சீசனுக்கு விநியோகஸ்தர்கள், அடுத்த சீசனில் ஆள் மாற வேண்டும்.

விநியோகஸ்தருக்கு ஒன்லைனும் நடிகர் பட்டியலும் மட்டுமே காட்டப்படும். அதை நம்பி எம்.ஜி. (மினிமம் கியாரண்டி, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு உறுதியான தொகை) கொடுத்து வாங்க வேண்டும். கொடுத்த பணம் திரும்ப வராது, மேலே வருவது அவருக்கு. ரிலீசுக்குப் பிறகு ஒவ்வொருவர் கையிலும் 100 டிக்கெட். பிடித்த படங்களுக்குப் பிரித்துப் போடலாம். தன் படத்துக்கும் தான் வாங்கிய படத்துக்கும் போடக் கூடாது. ஒரு டிக்கெட் விழுந்தால் ஒவ்வொரு ஏரியாவிலும் ஒரு லட்சம் வசூல் என்று கணக்கு. பன்னிரண்டு பேர், 1,200 டிக்கெட், பன்னிரண்டு படம். சராசரியாக ஒரு படத்துக்கு நூறு டிக்கெட், அதாவது ஏழு ஏரியாவிலும் சேர்த்து 7 கோடி. 10 கோடியையும் செலவழித்தவருக்கு சராசரி ஓட்டம் என்றால் நஷ்டம்தான். இந்தக் கணக்கு புரிந்த மறுநாளே ஆட்கள் சிக்கனமாகப் படம் எடுக்கத் தொடங்குவார்கள்.

இதில் ஒரு பூட்டு இருக்கிறது. டிக்கெட் செல்லுபடியாக வேண்டும் என்றால், அந்தப் படத்தின் ஏதாவது ஒரு காட்சியைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுத வேண்டும். ‘சூப்பர் நண்பா’ என்று எழுதினால் டிக்கெட் செல்லாது. இந்த ஒரு விதியை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் போனாலும் இது இருந்தால் ஆட்டம் ஓடும்.

லாரிப் படத்தை முதலில் யாரும் சீண்டவில்லை. பெரிய பெயர் ஒன்றுமில்லை, கிளார்க்காக ஒரு குணச்சித்திர நடிகர், மற்றவர்கள் புதுமுகம். சேலம் ஏரியா வைத்திருந்தவர் மட்டும், தன் ஏரியாவில் இருக்கிற சங்ககிரி என்ற ஊர்ப்பெயரைப் பார்த்து 60 லட்சம் கொடுத்தார். படத்துக்கு 140 டிக்கெட் விழுந்தது. சேலத்தில் மட்டும் 1 கோடியே 40 லட்சம். அடுத்த சீசனில் எல்லோருடைய ஒன்லைனிலும் ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு சிக்கல் இருந்தது. நான் எத்தனை தடவை சொல்லியும் நடக்காததை சேலம் ஏரியாவின் லாபம் நடத்திக் காட்டியது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு படத்துக்கு மேல் அனுமதிக்காதீர்கள். மற்ற படங்களை வாரம் ஒன்றாக விடுங்கள், அப்போதுதான் படிக்க நேரம் கிடைக்கும். பாதியில் காணாமல் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் படத்தைப் பெட்டிக்குள் தூங்க விடாமல், செலவான தொகையில் பாதிக்கு வேறொருவர் வாங்கி முடிக்கலாம் என்று வையுங்கள்.

விருதுகள்

இரண்டு முறைகளையும் கலந்து வைப்பது நல்லது. நம் தேசிய விருது 1953-ஆம் வருடப் படங்களுக்காக 1954-இல் தொடங்கியதிலிருந்து நடுவர் குழு உட்கார்ந்து தேர்வு செய்கிற விருது. ஆஸ்கரோ உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிற விருது. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு போன்றவற்றை மூன்று பேர் நடுவர் குழுவிடம் விடுங்கள். ஒவ்வொரு விருதுக்கும் ஒரு பத்தி காரணம் எழுத வேண்டும். சிறந்த ஒலி லாரிப் படத்தின் டெலிபோனுக்குக் கிடைத்தது. அடிக்கிற போனைவிட அடிக்காத போன் அதிகம் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

சிறந்த படத்துக்கு மட்டும் எல்லோரும் ஓட்டுப் போடட்டும், வரிசை ஓட்டாக, அதாவது பிடித்த படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டில் வரிசையாக எழுதி. சின்னக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால், ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் விருது அவர்கள் பாக்கெட்டில். ஆஸ்கரில் சிறந்த படத்துக்கு 2009-ஆம் வருடப் படங்களிலிருந்து மறுபடியும் வரிசை ஓட்டுத்தான் நடக்கிறது. எங்கள் ஒரு சீசன் கணக்கையே பாருங்கள். பன்னிரண்டு ஓட்டு. முதலிடம் ‘சந்தைக்கடை சாவி’க்கு 5, ‘ஏழாம் நம்பர் லாரி’க்கு 4, ‘பாலத்துக்கு அந்தப்பக்கம்’ படத்துக்கு 3. பாதிக்கு மேல், அதாவது ஏழு, யாருக்கும் இல்லை. கடைசியில் இருக்கும் பாலத்தை எடுத்துவிட்டு, அந்த மூன்று சீட்டிலும் இரண்டாவதாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றிலும் லாரி. ஆக லாரிக்கு 7. சிலருக்கு வெறித்தனமாகப் பிடித்த படத்தைவிட, பலரும் மனதார மதித்த படம் இந்த முறையில் மேலே வரும். தன் படத்தைத் தன் சீட்டில் எழுதக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

எண்ணுகிறவர் ஆட்டத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும். எங்களுக்கு ஓர் உறுப்பினரின் அக்கா, கணக்காளராக வேலை பார்க்கிறவர், எண்ணிக் கொடுத்தார். முடிவை நடத்துநருக்கும் சொல்லமாட்டார். ஆஸ்கரிலேயே 1940-இல் முடிவுகள் விழாவுக்கு முன்பே பத்திரிகையில் வந்துவிட்டதால்தான், 1941 முதல் ஒட்டிய உறை வந்தது. 2017-இல் மேடையில் தவறான உறை கைமாறி, அறிவித்த படம் ஒன்று, ஜெயித்த படம் வேறொன்று ஆன கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் அறிவிப்பவர் முதலில் பிரிவின் பெயரை வாசித்துவிட்டுத்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சொந்தப் பிரிவுகள் இரண்டைக் கடன் தருகிறேன். ஒன்று, சிறந்த இடைவேளை. இன்னொன்று, சிறந்த ரசிகர். சீசன் முழுக்க டிக்கெட்டோடு எழுதிய வரிகளில் மிக நுணுக்கமானவற்றை எழுதியவருக்கு அது. முதல் தடவை அதை வாங்கியவர் துபாயில் இரவு ஷிப்ட் பார்த்த ஒரு தம்பி, தன் படத்துக்கு ஒரு பரிந்துரைகூட வாங்காதவர். அவர் எழுதிய வரிகளைப் படிப்பதற்காகவே சிலர் படங்களைத் திரும்பப் படித்தார்கள். சிறந்த படத்துக்கு முன்னால், விழாவின் கடைசிக்கு முந்தைய விருதாக அதை வையுங்கள்.

விழா ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 1929-இல் முதல் ஆஸ்கர் விழா சுமார் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஞாயிறு ராத்திரி எட்டு மணி எல்லா ஊர்க்காரர்களுக்கும் ஒத்துவரும். ஜெயித்தவர் ஐந்து வரி பேசலாம், அதில் ஒரு வரி இன்னொருவர் படத்தைப் பற்றி இருக்க வேண்டும்.

அன்று ராத்திரியே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். எல்லாப் படங்களையும், டிக்கெட் வரிகளையும், நடுவர் பத்திகளையும் ஒரே கோப்பில் சேர்த்து எல்லோருக்கும் அனுப்புங்கள், ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் போன் மாற்றும்போது எல்லாம் போய்விடும். அப்புறம், அடுத்த சீசனின் ஏலத் தேதியையும் ஏழு ஏரியா யார் யாருக்கு என்பதையும் அறிவியுங்கள். இடைவெளி ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம்.