அடுப்பே இல்லாமல் மல்லிகை எண்ணெய்

முதல் தடவை நான் மல்லிகை எண்ணெய் காய்ச்சியபோது வீடு முழுக்க பஜ்ஜி வாசம்தான் அடித்தது. கால் கிலோ மதுரை மல்லியைச் சூடான தேங்காய் எண்ணெயில் கொட்டியிருந்தேன். செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் சரிப்பட்டு வரும் வழி மல்லிக்கு ஆகாது. அதன் மணம் சூடு தாங்காது. நீலகிரித் தைலம் போல நீராவியில் வடிப்பதும் அதற்குத் தோதுப்படாது.

ஆலைகளில் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு மாதிரி ஒன்றை எடுக்கிறார்கள். பெயர் கான்கிரீட், கட்டட வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! ஆயிரம் கிலோ பூவுக்கு அதுவே ஒன்றரை, இரண்டு கிலோதான் தேறும். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால்தான் வாசனைத் திரவியத்துக்குப் போகும் சாறு. ஐம்பது ரூபாய் பாட்டிலில் ‘சுத்தமான மல்லிகை எண்ணெய்’ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீட்டுக்குப் பழைய வழிதான் தோது. பறித்த பிறகும் மல்லி மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதை எண்ணெயோ கொழுப்போ பிடித்துக்கொள்ளும். பிரான்சின் கிராஸ் நகரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவைப் பரப்பினார்கள். வடநாட்டில் எள்ளையும் பூவையும் மாற்றி மாற்றி அடுக்கி, மணமேறிய எள்ளைச் செக்கில் ஆட்டினார்கள். நமக்கு ஒரு பழைய வேட்டி போதும்.

பூ: மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலையில் 100 கிராம் உதிரிப்பூ வாங்குங்கள். கட்டிய சரம் வேண்டாம். மொட்டு வெள்ளையாக, குண்டாக, விரியாமல் இருக்க வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ இது. முகூர்த்த நாளில் விலை குறையாது. சித்திரை, வைகாசியில் செய்வதுதான் பைக்கு நல்லது. மார்கழியில் வரத்தே இருக்காது.

ஈரம்: கடையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். நிழலில் துணிமேல் பரப்பிச் சாயங்காலம் வரை உலரவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் நாலே நாளில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

துணி: சோப்பு வாசம் போக அலசிக் காயவைத்த வேட்டித் துணியில் தட்டளவுக்கு இரண்டு துண்டு. 100 மில்லி செக்குத் தேங்காய் எண்ணெயில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். பிழிந்த எண்ணெய் கிண்ணத்திலேயே இருக்கட்டும்.

அடுக்கு: எவர்சில்வர் தட்டில் ஒரு துணி, அதன்மேல் ஒரே வரிசையாக மொட்டு, மேலே இன்னொரு துணி. தட்டுப் போட்டு மூடுங்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குத் திறந்தால் மொட்டெல்லாம் வாய் பிளந்திருக்கும். அந்த வாசத்துக்காகவே நான் ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

காலையில் பூ பழுப்பேறுவதற்குள் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். வாடிய பூவின் நாற்றமும் எண்ணெயில் ஏறும். துணியைக் கிண்ணத்து எண்ணெயில் மறுபடி முக்கி, சாயங்காலம் புதுப் பூ. இப்படி ஏழு நாள். அப்புறம் துணியை முறுக்கிப் பிழிந்து, வடிகட்டி, நிறக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

தலைக்கு, கழுத்துக்கு, மணிக்கட்டுக்கு ஒரு சொட்டு. முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். பால் கொடுக்கும் பெண்கள் மார்பில் தடவ வேண்டாம். பால் வற்ற மல்லிகையை வைத்துக் கட்டுவது நம் ஊர்ப் பழைய கைவைத்தியம்.

பிழிந்த துணியைத் தூக்கிப் போடாதீர்கள். காகிதத்தில் சுற்றிப் பீரோவில் வையுங்கள், எண்ணெய்க் கறை மட்டும் பட்டுச்சேலையில் படாமல்.