காலையில் ஓட்டப் பயிற்சி, மதியம் அறிவியல் புனைகதை: சிங்கப்பூரில் இரண்டையும் தொழிலாக நடத்த

வேலை அனுமதியில் இருப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்: உங்கள் முதலாளியிடம் செய்யும் வேலை தவிர, காசு வாங்கிக்கொண்டு பகுதிநேரமாக ஓட்டப் பயிற்சி கொடுக்க இங்கே அனுமதி கிடையாது. நண்பர்களோடு சும்மா ஓடலாம், கட்டணம் வாங்கக்கூடாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சுயதொழிலாகத் தொடங்கலாம். ஆனால் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கான பணத்தை நீங்களே கட்ட வேண்டும். முதல் மாதத்திலிருந்தே அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள், ஆண்டுக் கடைசியில் தேடினால் இருக்காது.

அப்புறம் சான்றிதழ். பயிற்றுவிப்பாளர்களுக்கான எஸ்ஜி-கோச் பயிற்சியை முடித்து, முதலுதவியும், இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டு, அரசு விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரின் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் சேருங்கள். பூங்காவில் கட்டண வகுப்பு நடத்துவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மோதாது என்பதற்கு இந்த ஊர் வெயில்தான் காரணம். இங்கே விடிவதே ஏறக்குறைய 7 மணிக்கு, ஒன்பதுக்குமேல் புதியவரை ஓடவைக்க எனக்கு மனசு வராது, வேலை முடிந்து வருபவர்கள் மறுபடி கூடுவது இரவு ஏழரைக்குத்தான். ஆக, நடுப்பகல் முழுக்கக் காலி. நான் பத்தரைக்கு எழுத உட்கார்ந்து ஒன்றரைக்கு எழுந்துவிடுவேன், அந்த மூன்று மணி நேரத்தில் மாணவர்களின் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுவதில்லை. வருமானம் பயிற்சியில் வரட்டும். தமிழ்ப் புத்தக விற்பனையை நம்பி இங்கே வாடகை கட்ட முடியாது, அந்தப் பாரத்தைக் கதையின் தலையில் ஏற்றவும் வேண்டாம்.

புதியவர்களுக்கு பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பாதை நல்லது, ஒரு சுற்று நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இதையே எட்டு முறை. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும், பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்த்து ஓடவிடாதீர்கள். விடிகாலைக் காற்றில் இங்கே ஈரப்பதம் அவ்வளவு இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகிறது, ஆவியானால்தானே உடம்பு குளிரும்? குளிர் நாட்டு ஓட்டக்காரர்களுக்காக எழுதிய அட்டவணையை அப்படியே நம் ஆட்களுக்குக் கொடுப்பது தவறு. இடி கேட்டால் வகுப்பை நிறுத்துங்கள், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள். புகைமூட்டக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வகுப்பே வேண்டாம்.

இனி கதை. நம் அறிவியல் புனைகதைகளில் விண்கலம் இருக்கும், ரோபோ இருக்கும், ஆனால் உடம்பு இருக்காது, யாருக்கும் கால் வலிக்காது. அங்கேதான் பயிற்றுவிப்பாளருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 விழுக்காடு. பூமியில் மணிக்கு ஏழு கிலோமீட்டரைத் தாண்டும்போது நடை தானாகவே ஓட்டமாக மாறும். காலின் நீளத்தையும் ஈர்ப்பையும் வைத்துக் கணக்குப் போட்டால் செவ்வாயில் அந்த மாற்றம் நாலரை கிலோமீட்டர் வேகத்திலேயே வந்துவிடும். அதாவது நாம் தேக்கா சந்தைக்குப் போகிற வேகத்தில் அங்கே ஆட்கள் துள்ள ஆரம்பித்துவிடுவார்கள். இந்த ஒரு கணக்கை வைத்தே, பேத்தியின் கையைப் பிடித்து மெதுவாக நடக்க முடியாத ஒரு பாட்டியின் கதையை எழுதலாம்.

2007 ஏப்ரலில் சுனிதா வில்லியம்ஸ் விண்வெளி நிலையத்தின் ஓடுபொறியில் வார்களால் தன்னைக் கட்டிக்கொண்டு பாஸ்டன் மாரத்தானை ஓடினார், 4 மணி 24 நிமிடம். எடையின்மையில் வியர்வை வழியாது, தோலிலேயே ஒட்டிக்கொண்டு திரளும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் 30 கிலோமீட்டர் ஓடி, சட்டை முழுக்க நனைந்து நின்றவருக்கு அந்த ஒட்டலை எழுதுவது கஷ்டமா என்ன?

எழுதியதைப் பூட்டி வைக்காதீர்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம் என்ற சிறுகதைச் சந்திப்புக்குப் போங்கள், தமிழ் முரசு நாளிதழுக்கு அனுப்புங்கள், தங்கமுனை விருது எனும் இலக்கியப் போட்டியின் அறிவிப்பு வரும்போது விதிகளை நிதானமாகப் படித்துவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்.

தனியாக ஓடும் நாளில் தோன்றுவதைப் போனில் குரல்பதிவாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் குளித்து, கோப்பி குடித்த கையோடு அதைத் தாளில் இறக்கிவிடுங்கள். மறுநாள் கேட்டால் மூச்சுச் சத்தம்தான் கேட்கும், அப்படி ஒரு நல்ல முடிவை நான் தொலைத்திருக்கிறேன்.