காட் மீன்: பெயரில் தொடங்கி மாத்திரை வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட் (cod) என்னும் குளிர்கடல் மீனைப் பற்றிய முதல் தவறு அதன் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. நம் ஊர் மீன் வியாபாரத்தில் களவா மீனை ஆங்கிலத்தில் 'ரீஃப் காட்' என்பார்கள். களவா வெதுவெதுப்பான கடலில் பாறை இடுக்குகளில் வாழும் மீன். காட் குடும்பத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. பெரிய உணவகங்களில் கிடைக்கும் 'பிளாக் காட்' பசிபிக் கடலின் சேபிள் மீன், அதுவும் காட் இல்லை. இங்கே நான் பேசுவது அட்லாண்டிக் காட், அறிவியல் பெயர் காடஸ் மோர்ஹுவா. முழு மீனாகக் கையில் கிடைத்தால் அடையாளம் காண்பது எளிது. முதுகில் மூன்று துடுப்பு, அடிப்பக்கம் வாலை நோக்கி இரண்டு, தாடைக்குக் கீழே ஒற்றை மீசை, விலாவில் வெளிறிய ஒரு கோடு. தோலுரித்த வெள்ளைத் துண்டில் இவை எதுவும் மிஞ்சாது. அதனால் உறைபனிப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது லேபிளில் இனப்பெயரையும் எந்தக் கடலில் பிடித்தது என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

குளிர்கடல் மீன் என்றாலே கொழுப்பு மீன் என்று நினைப்பதும் சரியில்லை. சால்மனும் ஹெர்ரிங்கும் கொழுப்பைச் சதையில் வைத்துக்கொள்ளும். காட் ஈரலில் சேர்த்து வைக்கிறது. சதையில் கொழுப்பு நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பின்னே குளிரை எப்படித் தாங்குகிறது? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவைச் சுற்றிக் குளிர்காலக் கடல் பூச்சியம் டிகிரிக்கும் கீழே போகும், உப்பு நீர் என்பதால் உறைவதில்லை. அங்கே வாழும் காட் மீனின் உடல், ரத்தம் உறையாமலிருக்க ஒருவகைப் புரதத்தைச் சுரந்து கொள்கிறது.

அடுத்த தவறு பெரிய அறிஞர்களே செய்தது. ஒரு பெரிய பெண் காட் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டை இடும், மிகப் பெரியது என்றால் கோடியை நெருங்கும். இத்தனை முட்டை போடும் மீன் எப்படித் தீரும்? 1883-இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, காட் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்றே பேசினார். ஆனால் அந்த முட்டைகள் கடலில் மிதந்து திரியும்போதே பெரும்பாலானவை அழிந்துபோகும். வட கடல்களில் ஒரு காட் சினைக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். சிறிய தாயைவிடப் பெரிய தாய் எத்தனையோ மடங்கு முட்டை இடும். வலை முதலில் அள்ளிப்போவதும் அந்தப் பெரிய தாய்களைத்தான்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு: மீன்பாடு நன்றாக இருக்கிறது, ஆகவே கடலில் மீன் நிறைய இருக்கிறது என்ற கணக்கு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், சரி. ஆனால் அகப்பை நிறைய வருகிறது என்பதற்காகச் சட்டியும் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அடியில் கிடக்கும் கடைசிக் குழம்பு சட்டியைச் சாய்த்தால் ஒரு பக்கம் திரளும், அப்போதும் அகப்பை நிறையும். நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது அதுதான்.

1968-இல் அந்தக் கடலின் வடக்குக் காட் கூட்டத்திலிருந்து எட்டு லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த இழுவைக் கப்பல்கள் பிடித்த மீனைக் கப்பலிலேயே அறுத்து உறையவைத்தன. 1977-இல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களைத் தள்ளிவைத்தது. பிறகு சொந்த இழுவைக் கப்பல்களைப் பெருக்கியது. மீன் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிட, ஒரு மணி நேரம் மடி (இழுவை வலை) இழுத்தால் எத்தனை மீன் ஏறுகிறது என்ற கப்பல்களின் கணக்கைப் பெரிதும் நம்பினார்கள். காட் கூட்டம் குறையக் குறையப் பரவி நிற்காமல் ஓரிடத்தில் நெருங்கித் திரண்டது. ஒலியால் மீன் திரளைக் கண்டறியும் எதிரொலிக் கருவி வைத்திருந்த கப்பல்கள் நேரே அந்தத் திரளின் மேல் போய் மடியை இறக்கின. மடி எப்போதும் போல நிறைந்தது. கரையோரத்தில் சிறு படகில் வலை கட்டியவர்கள், மீன் குறைகிறது, வருவதும் சிறிதாகிறது என்று 1980-களிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. என் பார்வையில், கருவியின் பிழையைவிட அவர்களைக் கேட்காமல் விட்டதுதான் பெரிய பிழை. (1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் இந்தத் தீவின் மீனவர்கள்தாம். அந்தக் கடலின் பெயரைக் கேட்டால் எனக்கு அதுவும் நினைவுக்கு வரும்.)

1992 ஜூலை 2 அன்று கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி வடக்குக் காட் பிடிக்கத் தடையை அறிவித்தார். ஏறத்தாழ 30,000 பேரின் வேலை ஒரே நாளில் போனது. ஐந்நூறு ஆண்டுகளாகக் காட் மீனை நம்பியே இருந்த ஊர்கள் அவை. தடை இரண்டு ஆண்டுக்கு மட்டும் என்றார்கள். பிடிப்பதை நிறுத்தினால் மீன் தானாகத் திரும்பிவிடும் என்ற எண்ணம் அதில் இருந்தது, அதுவும் தவறாகப் போனது. காட் மீனின் முக்கிய இரையான கேப்லின் என்னும் சிறு மீனும் அதே காலத்தில் சரிந்திருந்தது. இரை இல்லாமல் கூட்டம் எப்படித் தேறும்? கனடா அரசு வணிக மீன்பிடிப்பை மறுபடி திறந்தது 2024-இல்தான், அதுவும் 18,000 டன் அளவுக்கு.

இதை வைத்து 'காட் அழிந்துவிட்டது' என்று எழுதுவதும் பிழை, 'நார்வேயில் கொட்டிக் கிடக்கிறது, கவலை இல்லை' என்பதும் பிழை. இனம் ஒன்றுதான், ஆனால் கூட்டங்கள் பல. ஒவ்வொன்றின் நிலையும் வேறு. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலின் கூட்டம் குளிர்காலத்தில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு முட்டையிட வரும். நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து அதில் ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு வைக்கின்றன. 2013-இல் பத்து லட்சம் டன்னாக இருந்த அந்த அளவு 2025-இல் 3.4 லட்சம் டன்னாக இறங்கிவிட்டது. பால்டிக் கடலின் கிழக்குக் கூட்டம் இன்னும் மோசம்.

சமையல் பக்கம் வந்தால், காற்றில் காயவைத்த ஸ்டாக்ஃபிஷையும் உப்பிட்ட காட் மீனையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். நம் கருவாடு போல உப்பிட்டு வைப்பது போர்ச்சுகீசியர்களின் பகல்யாவ். ஸ்டாக்ஃபிஷில் ஒரு கல் உப்பும் கிடையாது. லோஃபோட்டனில் பிப்ரவரி முதல் மே வரை, தலை நீக்கிய மீனை வாலோடு வால் சேர்த்துக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். காற்று பூச்சியம் டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கடுங்குளிர் வந்தால் சதைக்குள் பனிக்கட்டி கட்டிக் கெட்டுவிடும், வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். கொழுப்பில்லாத சதை என்பதால் சிக்கடிப்பதில்லை. எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், கட்டை போல இருக்கும். அது இத்தாலிக்கும், காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்கும் போகின்றன. காயப்போடும் முன் அந்தத் தலைகளிலிருந்து நாக்கை அறுத்தெடுத்து விற்பது லோஃபோட்டனில் பிள்ளைகளின் வேலை, கிடைக்கும் காசும் அவர்களுக்கே. உப்புக் காட் வாங்கினால் குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணீரைப் பலமுறை மாற்றுங்கள். மாற்றாமல் சமைத்தால் வாயில் வைக்க முடியாது.

கடைசியாக, வீட்டில் பலரிடம் இருக்கும் மஞ்சள் மாத்திரை. மீன் எண்ணெயும் காட் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. மீன் எண்ணெய் பெரும்பாலும் நெத்திலி, மத்தி வகை மீன்களின் உடலிலிருந்து எடுப்பது, ஒமேகா-3-க்காகச் சாப்பிடுவது. ஈரல் எண்ணெயில் ஒமேகா-3-ஓடு வைட்டமின் ஏ-யும் டி-யும் நிறைய உண்டு. அதனால்தான் எலும்பு வளையும் கணை நோய் (ரிக்கெட்ஸ்) வந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்கள். ஒமேகா கூடுதலாக வேண்டும் என்று ஈரல் எண்ணெய் மாத்திரையை இரண்டு, மூன்றாக்கினால் வைட்டமின் ஏ-யும் கூடவே ஏறும். அது உடலில் தங்கும் வைட்டமின், அளவு மீறினால் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். கர்ப்பிணிகள் காட் ஈரல் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தப் புட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.