ஐபிஎல் பிளே-ஆஃப் டிக்கெட்: வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது எப்படி

வருஷா வருஷம் மே மாசம் வந்தா எங்க வாட்ஸப் குரூப்ல இதே பஞ்சாயத்துதான். லீக் மேட்ச் டிக்கெட்டுக்கு மூணு போன், ரெண்டு லேப்டாப் வெச்சுகிட்டு விடிகாலைலயே உக்காந்த அதே பசங்க, லீக் முடிஞ்சு மேல இருக்குற நாலு டீம் மட்டும் ஆடுற பிளே-ஆஃப்னு வந்ததும் "பாக்கலாம் மச்சி", "நீ போட்டா நானும் போடுறேன்"னு நழுவ ஆரம்பிச்சுடுவானுங்க. கஞ்சப்பயன்னு கிண்டல் பண்ணுவோம். ஆனா நிதானமா யோசிச்சா அந்த தயக்கத்துல தப்பே இல்ல. நாம குடுக்குற காசு மட்டும்தான் நிஜம், பதிலுக்கு என்ன வரும்னு புக்கிங் ஓபன் ஆகுற அன்னிக்கு பல சமயம் யாருக்கும் தெரியாது. அதனால தயங்காதீங்கன்னு சொல்ல வரல, தயங்குறத ஒழுங்கா கணக்கு போட்டு தயங்குங்கன்னுதான் சொல்றேன்.

மொதல்ல ஒரு கேள்வி: நீங்க வாங்கப்போறது மேட்ச்சா, இல்ல உங்க டீமா?

லீக்ல இந்த குழப்பம் கிடையாது. சேப்பாக்கத்துல மேட்ச்னா சிஎஸ்கே ஆடும், அவ்ளோதான். பிளே-ஆஃப்ல கிரவுண்ட் பெரும்பாலும் மொதல்லயே முடிவாயிடும், டீம் கடைசிலதான் முடிவாகும். வழக்கமா போன வருஷ சாம்பியனோட ஊருக்கு குவாலிஃபயர் 2-ம் (ஃபைனலுக்கு முந்தின மேட்ச்) ஃபைனலும் போகும். அப்படித்தான் 2023ல நாம கப் அடிச்சதால 2024 ஃபைனல் சேப்பாக்கத்துக்கு வந்துச்சு. ஊரே குதிச்சுது, சொந்த மண்ல ஃபைனல், தோனி வேற இருக்காரு, இதுக்கு மேல என்ன வேணும்னு. அப்புறம் மே 18, பெங்களூருல ஆர்சிபி கூட கடைசி லீக் மேட்ச். சிஎஸ்கே ஜெயிக்கக்கூட வேணாம், 201 அடிச்சா போதும், தோத்தாலும் பிளே-ஆஃப் உள்ள போயிடலாம். கடைசி ஓவர்ல 17 வேணும், மொத பால் தோனி கிரவுண்டுக்கு வெளியவே தூக்கி அடிச்சாரு, எங்க வீட்ல எதிர் வீட்டுக்காரர் வரைக்கும் கத்துனாரு, அடுத்த பால்ல கேட்ச். 191ல நின்னுடுச்சு. பாயின்ட்ஸ்ல ஆர்சிபி கூட சமம், ரன்ரேட்ல பின்தங்கி அஞ்சாவது இடம், கதை முடிஞ்சுது. சேப்பாக்கத்துல ஃபைனல் நடந்துச்சு, ஆடுனது கொல்கத்தாவும் ஹைதராபாத்தும்.

எங்க குரூப்ல ஒருத்தன் தாம்பரத்துக்காரன், அவன் இந்த நாளுக்காக முன்னாடியே ஒரு தெரிஞ்சவர் மூலமா சொல்லி வெச்சு 8,700 ரூபாய்க்கு டிக்கெட் வாங்கியிருந்தான். திருப்பி கேட்டா அந்த ஆளு போனே எடுக்கல. சரி போய்த்தான் பாப்போம்னு மஞ்ச ஜெர்சியே போட்டுகிட்டு போனான். கொல்கத்தா பவுலர் ஸ்டார்க் மொத ஓவர்லயே அபிஷேக் ஷர்மா ஸ்டம்ப்ப சாய்ச்சாரு, டிராவிஸ் ஹெட் வந்த மொத பால்லயே காலி, ஹைதராபாத் 18.3 ஓவர்ல 113 ஆல் அவுட். கொல்கத்தா 10.3 ஓவர்ல முடிச்சு விட்டுட்டாங்க. மொத்தம் 174 பால். வைட விட்டுட்டு கணக்கு போட்டா பாலுக்கு அம்பது ரூபா. இன்னிக்கும் ஏதாவது விலை ஜாஸ்தின்னு யாராவது சொன்னா "அம்பது ரூபா பாலை விடவா"ன்னுதான் அவன ஓட்டுவோம்.

அதனால என் ரூல் இது. விலைய பாக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ரெண்டு நம்பர் எழுதுங்க. ஒண்ணு, உங்க டீம் ஆடுனா அதிகபட்சம் எவ்ளோ குடுப்பீங்க. இன்னொண்ணு, வேற ரெண்டு டீம் ஆடுனா எவ்ளோ குடுப்பீங்க. டீம் உறுதியாகாத நேரத்துல வாங்குறதா இருந்தா ரெண்டாவது நம்பர்தான் உங்க லிமிட், மொத நம்பர மறந்துடுங்க. இந்த ரெண்டாவது நம்பர் பல பேருக்கு ஐநூறு ஆயிரத்த தாண்டாது, அப்படின்னா நீங்க கிரிக்கெட் ரசிகர் இல்ல, சிஎஸ்கே ரசிகர், அதுல ஒரு வெக்கமும் இல்ல, ஆனா அது தெரிஞ்சுகிட்டு காசு போடுங்க.

நியாயத்துக்கு எதிர் பக்கமும் சொல்லணும். 2023ல சேப்பாக்கத்துல குவாலிஃபயர் 1 (ஜெயிச்சா நேரா ஃபைனல்) நம்ம மேட்ச், குஜராத்த 15 ரன்ல அடிச்சோம், அந்த டிக்கெட்டுக்கு அடிதடி. மறுநாளே அதே கிரவுண்ட்ல மும்பை லக்னோ எலிமினேட்டர் (தோத்தா வெளிய), அதுக்கு எங்க குரூப்ல ஒருத்தனும் வாய தொறக்கல. அன்னிக்குதான் மும்பை பவுலர் ஆகாஷ் மத்வால் 3.3 ஓவர்ல 5 ரன் குடுத்து 5 விக்கெட் எடுத்தாரு. வேற டீம் மேட்ச்சுக்கு கம்மி விலைல சீட் கிடைச்சா, கிரிக்கெட்டே பிடிக்கும்ங்குற ஆளுக்கு அதான் நெஜமான லாபம்.

அடுத்தது மொத்த செலவு. டிக்கெட் விலைய மட்டும் பாக்குறவங்கதான் அப்புறம் புலம்புவாங்க. 2025 லீக் சீசன்ல சேப்பாக்கம் டிக்கெட் 1,700ல ஆரம்பிச்சு 7,500 வரைக்கும் போச்சு. பிளே-ஆஃப்னா அதவிட மேல இருக்கும்னு வெச்சுக்கோங்க. அதுக்கப்புறம் 2025 செப்டம்பர் 22ல இருந்து ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 40 பர்சன்ட் ஆயிடுச்சு. 2,500 ரூபா அடிப்படை விலைன்னா முன்னாடி 3,200, இப்ப 3,500. உங்க கையில ஒரு பஃப்ஸ் கூட ஜாஸ்தியா வராது, முந்நூறு ரூபா மட்டும் போகும்.

திருச்சில இருந்து வர்ற ஒருத்தர் கணக்க எடுத்துக்கோங்க. டிக்கெட் 3,500, பஸ் போக வர 1,600, மேட்ச் முடிய பதினொன்றரை ஆயிடும்ங்குறதால ரூம் ஒரு 1,500, சாப்பாடு ஆட்டோன்னு 700. ஏழாயிரத்த தாண்டிடுச்சு, இதுல லீவ் போட்ட நாள் சம்பளத்த நான் சேக்கவே இல்ல. பொண்டாட்டி புள்ளையோட போனா மூணால பெருக்குங்க. இந்த பக்கம் வீட்ல டிவி, ஃபேனுக்கு கீழ கால நீட்டி உக்காந்து ஒவ்வொரு எல்பிடபிள்யூவையும் நாலு ஆங்கிள்ல பாக்கலாம், நடுவுல பிரியாணி ஆர்டர் பண்ணலாம். கிரவுண்ட்ல வேர்வைல ஊறிகிட்டு எவன் அவுட்டுன்னு பக்கத்து சீட்டுக்காரன கேக்கணும். அப்புறம் ஏன் போறோம்? அந்த சத்தத்துக்கு. முப்பதாயிரத்துக்கு மேல ஜனம் ஒரே நேரத்துல "தோனி தோனி"ன்னு கத்துறப்ப நெஞ்சுக்குள்ள ஒண்ணு அதிரும் பாருங்க, அது எந்த ஸ்பீக்கர்லயும் வராது. அந்த அதிர்வுக்கு உங்க கணக்குல என்ன விலைன்னு நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல முடியாது.

வெளியூர் மேட்ச்சுன்னா இன்னும் உஷார்

இங்கதான் பெரிய அடி விழும். 2025ல ஃபைனல் கொல்கத்தான்னு அட்டவணை போட்டிருந்தாங்க, மே 25. எல்லைல சண்டை பதட்டம், மே 9 சீசனையே நிறுத்துனாங்க, அப்புறம் 17ம் தேதி திரும்ப ஆரம்பிச்சு, ஃபைனல் ஜூன் 3, ஊரு அகமதாபாத்னு ஆயிடுச்சு. குவாலிஃபயர் 1-ம் எலிமினேட்டரும் ஹைதராபாத்ல இருந்து சண்டிகர் பக்கம் முல்லன்பூர் போயிடுச்சு. முன்னாடியே கொல்கத்தாவுக்கு ஃப்ளைட் போட்டவன் கதி என்ன? நமக்கே நடந்திருக்கு, 2019 ஃபைனல் சென்னைக்கு வர வேண்டியது, சேப்பாக்கத்துல ஐ, ஜே, கே ஸ்டாண்ட் பூட்டி கெடந்த பிரச்சனைல ஹைதராபாத்துக்கு போயிடுச்சு. அதனால ஃப்ளைட், ரூம் ரெண்டும் கேன்சல் பண்ணா காசு திரும்ப வர்ற மாதிரி மட்டும் போடுங்க, நாலு காசு ஜாஸ்தின்னாலும் பரவால்ல.

ரிசர்வ் டே, அதாவது மழை கெடுத்தா மறுநாள் ஆட ஒதுக்குன நாள், இன்னொரு கண்ணி. 2023 ஃபைனல் அகமதாபாத்ல மே 28 ஞாயித்துக்கிழமை, மழைல ஒரு பால் கூட போடல. மறுநாளைக்கு தள்ளிட்டாங்க. ஊர்ல இருந்து போன நம்ம ஆளுங்க மஞ்ச ஜெர்சியோட ரயில்வே ஸ்டேஷன் தரைல படுத்து தூங்குன போட்டோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. திங்கக்கிழமையும் மழை குறுக்க வந்து, இலக்க 15 ஓவர்ல 171னு மாத்தி, ஜடேஜா கடைசி ரெண்டு பால்ல ஆறு நாலுன்னு அடிச்சு முடிக்கும்போது தேதி மே 30 ஆயிடுச்சு. படுத்தவங்களுக்கு அது ஜென்ம சாபல்யம், சந்தேகமே இல்ல. ஆனா ஞாயிறு ராத்திரி ரயில பிடிச்சு "ஆபீஸ் இருக்கு"ன்னு திரும்புனவங்களும் இருந்திருப்பாங்கல்ல, அவங்கள நெனைச்சா இன்னும் வயிறு எரியுது. ஃபைனலுக்கு போறீங்கன்னா மறுநாளும் லீவு, ரிட்டர்ன் டிக்கெட் அதுக்கும் அடுத்த நாள், அப்படி முடியலன்னா ஃபைனல் டிக்கெட்டே போடாதீங்க. பழைய டிக்கெட்ட கிழிச்சு போட்றாதீங்க, மறுநாள் உள்ள விடுறது அத வெச்சுதான்.

ரீஃபண்ட் பத்தி ஒரு வரி தெரிஞ்சா போதும்: பொதுவா ஒரு பால் கூட போடாம மேட்ச் கைவிட்டா மட்டும்தான் காசு திரும்ப வரும். 2025 மே 17 பெங்களூருல ஆர்சிபி கொல்கத்தா மேட்ச் டாஸே போடாம முடிஞ்சுது, குடுத்தாங்க. அஞ்சு ஓவர் ஓடி அப்புறம் கொட்டுனா, நீங்க மேட்ச் பாத்ததா கணக்கு. டீம் மாறிடுச்சு, உடம்பு சரியில்ல, மாமியார் ஊர்ல இருந்து வந்துட்டாங்க, இதெல்லாம் செல்லாது.

வெளில விக்கிறவன்கிட்ட வாங்குறத பத்தி

தாம்பரத்துக்காரன் கதைய மேல சொல்லிட்டேன். அவனுக்காவது டிக்கெட் உள்ள போச்சு. ஒரே க்யூஆர நாலு பேருக்கு வித்து, கேட்ல மொத ஸ்கேன் பண்றவன் மட்டும் உள்ள, மிச்ச மூணு பேர் வெளிய நிக்கிறதெல்லாம் சர்வ சாதாரணம். ப்ளாக்ல வித்தா போலீஸ் பிடிக்கும், சேப்பாக்கத்துல மேட்ச்சுக்கு மேட்ச் பிடிக்கிறாங்க. உங்களால போக முடியாம குடுக்குறதா இருந்தா தெரிஞ்ச ஆளுக்கு வாங்குன விலைக்கே குடுங்க. முக்கியமா டிக்கெட் கிடைச்ச சந்தோஷத்துல க்யூஆரோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க சாமி, எவன் பிரிண்ட் எடுப்பான்னு தெரியாது.

அப்புறம் "இதான் கடைசி" பயம்

நம்ம பசங்க பர்ஸ தொறக்க வைக்கிறதே இதுதான். தோனிக்கு இதான் கடைசி மேட்ச்சாமே. 2020ல கேட்டப்பவே கண்டிப்பா இல்லன்னாரு. 2023 கப் அடிச்ச ராத்திரி, இப்ப முடிச்சுக்குறது சுலபம், ரசிகர்களுக்காக இன்னொரு சீசன் முயற்சி பண்றேன்னு சொன்னாரு. 2025லயும் கிளவுஸ் போட்டு நின்னாரு. ஒவ்வொரு வருஷமும் கடைசின்னு நெனச்சு காசு போட்டிருந்தா வீட்டுக்கு ஒரு ரூம் எடுத்திருக்கலாம். இந்த பயம் உங்களுக்கும் இருந்துச்சுன்னா அதுக்கு பிளே-ஆஃப் சரியான மருந்து இல்ல, லீக்ல கடைசி ஹோம் மேட்ச்தான் மருந்து. 2024 மே 12, ஞாயித்துக்கிழமை மத்தியான வெயில், ராஜஸ்தான் கூட மேட்ச், முடிஞ்சதும் யாரும் போகாதீங்கன்னு டீமே சொல்லிச்சு, மொத்த டீமும் கிரவுண்ட சுத்தி வந்தாங்க. லீக் டிக்கெட்தான், உங்க டீம் ஆடுறது நூறு பர்சன்ட் உறுதி. நான் அன்னிக்கு அங்க இருந்தேன், கழுத்தெல்லாம் கருகிப்போச்சு, ஆனா இன்னிக்கு வரைக்கும் வாங்குன டிக்கெட்லயே அதான் உருப்படியானது.

எல்லாம் யோசிச்சும் வாங்குறதுன்னு முடிவாயிடுச்சா, புக்கிங் அன்னிக்கு இத பண்ணுங்க. எந்த ஸ்டாண்ட், அது இல்லன்னா எது, அதுவும் இல்லன்னா எந்த விலைல நிறுத்திக்கணும்னு முன்னாடி நாளே எழுதி வெச்சுடுங்க, க்யூல உங்களுக்கு முன்னாடி லட்சம் பேர்னு காட்டும்போது மூளை வேலை செய்யாது, 2,500க்கு வந்தவன் 7,500 சீட்ட அமுக்கிட்டு அப்புறம் முழிப்பான். லாகின் முன்னாடியே பண்ணிடுங்க. பேமென்ட் பண்ற போன்லயே ஓடிபி வர்ற மாதிரி வெச்சுக்கோங்க, அப்பா போனுக்கு ஓடிபி போய், அப்பா தூங்கிட்டிருந்து, டிக்கெட் போன கதையெல்லாம் எங்க குரூப்லயே இருக்கு. காசு கட் ஆகி டிக்கெட் வரலன்னா பதட்டத்துல திரும்ப திரும்ப கட்டாதீங்க, ஒருவாட்டி மெயில பாருங்க. நாலு பேர் சேர்ந்து போறதா இருந்தா காச மொதல்லயே வசூல் பண்ணிடுங்க, மேட்ச் அன்னிக்கு "மச்சி நான் வரல"ன்னு சொல்றவன்கிட்ட அப்புறம் வசூலிக்க முடியாது, அனுபவம்.

போற அன்னிக்கு பவர் பேங்க், பேக், தண்ணி பாட்டில் எதுவும் வேணாம், கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்க. போன்ல சார்ஜ் நூறு இருக்கட்டும். காரு பைக் எடுத்துட்டு போய் வாலாஜா ரோட்ல மாட்டிக்காதீங்க, பறக்கும் ரயில்ல வந்தா சேப்பாக்கம் ஸ்டேஷன் கிரவுண்ட ஒட்டியே இருக்கு, மெட்ரோன்னா அரசினர் தோட்டத்துல இறங்கி நடந்துடலாம். திரும்பறதுக்கு கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு வரும்போதே பாத்து வெச்சுக்கோங்க. தாம்பரத்துக்காரனுக்கு மட்டும் அந்த பிரச்சனை இல்ல, ஃபைனல் சீக்கிரமே முடிஞ்சுட்டதால வீட்டுக்கு போய் சுடச்சுட தோசை சாப்பிட்டான்.