சட்டசபையில "நிறைவேறிடுச்சு"ன்னு நியூஸ் வந்தா அது சட்டமா இல்லையான்னு செக் பண்றது எப்படி

டிவில "பேரவையில் நிறைவேறியது"ன்னு ஃப்ளாஷ் ஓடுன உடனே வாட்ஸ்அப் குரூப்ல நாளையிலேர்ந்து அமல்னு ஃபார்வர்ட் வந்துரும், அதை நம்புறதுக்கு முன்னாடி நிறைவேறுனது தீர்மானமா மசோதாவான்னு மட்டும் பாருங்க. மசோதான்னா சட்டமாக வேண்டிய வரைவு; தீர்மானம்னா சபையோட கருத்து, அவ்ளோதான். 2025 ஏப்ரல்ல கச்சத்தீவை மீட்கணும்னு ஒன்னு போட்டாங்களே, அது மத்திய அரசுக்கு வைக்கிற கோரிக்கை, யாரையும் கட்டுப்படுத்தாது.

இன்னொன்னு சட்டசபை விதிகள்ல வர்ற 110வது விதி. முதல்வர் எழுந்து திட்டங்களை வரிசையா அறிவிப்பார், அதுக்கு விவாதமும் கிடையாது ஓட்டெடுப்பும் கிடையாது. கைதட்டல் பலமா இருக்கும், ஆனா அது அறிவிப்புதான், சட்டம் இல்ல.

சரி மசோதாதான்னு தெரிஞ்சிருச்சு, அடுத்து கவர்னர் கையெழுத்து. அவர் ஒப்புதல் கொடுக்கலாம், திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பி வைக்கலாம். பொதுப்பட்டியல்ல, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் ரெண்டுமே சட்டம் போடக்கூடிய பட்டியல்ல, இருக்குற விஷயத்துல மத்திய சட்டத்தோட மோதுற மாதிரி இருந்தா ஜனாதிபதி ஒப்புதல் இருந்தாதான் நம்ம சட்டம் நிக்கும், நிறைய பேர் இந்த இடத்துலதான் ஏமாறுறாங்க. நீட் விலக்கு மசோதாவையே எடுத்துக்கங்க, 2021 செப்டம்பர்ல நிறைவேறுச்சு, 2022 பிப்ரவரியில கவர்னர் திருப்பி அனுப்புனாரு, அதே மாசம் ஸ்பெஷலா கூடி மறுபடி நிறைவேத்துனாங்க, டெல்லிக்குப் போச்சு, கடைசியில 2025 ஏப்ரல்ல ஒப்புதல் கிடைக்கலன்னு முதல்வரே சபையில சொன்னாரு. ரெண்டு தடவை "நிறைவேறியும்" நீட் அப்படியேதான் இருக்கு. ஆனா 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்கு முதல்ல அவசரச் சட்டம், அடுத்த ரெண்டு நாள்ல மசோதா, மாசம் முடியுறதுக்குள்ள ஜனாதிபதி ஒப்புதல்னு ஓடிப்போய் வேலை நடந்துச்சு. மெரினால கூட்டம் கூடுனா ஃபைலுக்கும் கால் முளைக்கும் போல.

ஒப்புதல் வந்துச்சான்னு தெரிஞ்சுக்க தமிழ்நாடு அரசிதழைப் பாருங்க, ஆன்லைன்லயே பிடிஎஃப் கிடைக்கும். "சட்டமுன்வடிவு எண்"னு மட்டும் இருந்தா இன்னும் மசோதாதான், "சட்டம் எண்"னு வருஷத்தோட போட்டிருந்தா சட்டமாயிடுச்சு.

அப்பவும் அவசரப்படாதீங்க, முதல் பிரிவைப் படிங்க. "அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும் தேதியில்" அமலுக்கு வரும்னு இருந்தா அந்த அறிவிக்கையும் தனியா வந்திருக்கான்னு தேடணும், அது வராத வரைக்கும் தாலுகா ஆபீஸ்ல போய் சண்டை போட்டா அந்த கிளார்க் சொல்றதுதான் சரி.