பாட்டு போட்டால் வலி குறையும், யார் பாட்டு என்பதைப் பொறுத்து

ஆபரேஷன் மேசையில் ஒருவர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கிறது. ஆனால் விழிப்பு இருக்கிறது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது, மூலையில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. அது யாருக்குப் பிடித்த பாட்டு? பெரும்பாலும் டாக்டருக்கு. அவருக்கு அது கை ஓட உதவலாம். படுத்திருப்பவருக்கோ, கருவிகளின் பீப் சத்தத்தோடு சேர்ந்த இன்னொரு சத்தம். 'எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இசை உண்டு' என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

இசையால் பலன் இல்லை என்று சொல்லவரவில்லை. இவான் கேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், நோயாளியின் பயத்தைத் திசைதிருப்ப ஆபரேஷன் அறையில் கிராமபோன் வைத்ததாக 1914-லேயே எழுதியிருக்கிறார். 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 73 பரிசோதனைகளை, ஏறக்குறைய 7,000 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் பதற்றமும் குறைவாக இருந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

'வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது' என்பதை 'மருந்தே வேண்டாம்' என்று படிப்பது அடுத்த தவறு. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது ஒருவர் பல்லைக் கடிக்கிறார் என்றால், சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. கையை நிறுத்திவிட்டு வலிக்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கவேண்டும். இசை மருந்துக்குத் துணையாக நிற்கும், அவ்வளவுதான்.

சரி, என்ன பாட்டு போடுவது? பாடல் வரிகள் இல்லாத மென்மையான இசை, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை போகும் நிதானமான தாளம் என்பதுதான் வழக்கமான ஆலோசனை. தொடங்குவதற்கு நல்ல இடம்தான். அதையே எல்லோர் காதிலும் திணிப்பதில்தான் சிக்கல். நரம்பை மரக்கச்செய்யும் ஊசிக்கு முன்னால், பதற்றம் தணிக்கும் மிடசோலம் மருந்தையும் இசையையும் ஒப்பிட்டு 2019-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 157 பேர் பங்கேற்றார்கள். பதற்றம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்தது. ஆனால் இசை கேட்டவர்களுக்குத் திருப்தி குறைவு. எல்லோருக்கும் முன்பே முடிவுசெய்த ஒரே இசை. விரும்பியதைத் தேர்ந்தெடுக்க முடியாததும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்போன் போட்டிருந்ததால், பேசிப் புரியவைப்பது சிரமமாக இருந்ததாம். காட்சியை நினைத்துப் பாருங்கள்: "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்கிறார் நர்ஸ். நோயாளியோ கண்ணை மூடித் தாளத்துக்கு விரல் தட்டிக்கொண்டிருக்கிறார். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு அசைகிறார், ஊசி உள்ளே இருக்கிறது. ஒரு காதைத் திறந்து வைத்தாலே போதும். அப்புறம், தொடுவதற்கு முன் பாட்டை நிறுத்துவோம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளலாம். செவிப்புலன் கருவி வைத்திருப்பவரிடம் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஹெட்போனை மாட்டுவது இதைவிட மோசம்.

பிடித்த பாட்டு என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. மறைந்த மனைவி எப்போதும் முணுமுணுத்த பாட்டும் பிடித்த பாட்டுதான். அது ஊசி முனையில் ஒலித்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. "எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்பதோடு "எது வேண்டாம்?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடக்கிறது: போனில் இணையம் வழியாகப் பாட்டு போடுவார்கள். புல்லாங்குழல் இழைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் அலறும். மொத்த அமைதியும் போச்சு. முன்கூட்டியே பதிவிறக்கி, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

எம்ஆர்ஐ அறைக்குச் சொந்த ஹெட்போனை எடுத்துப்போகவே கூடாது; காந்தம் இழுத்துவிடும். அங்கே காற்றுக் குழாய் வழியாக ஒலி வரும் தனி ஹெட்போனைத் தருவார்கள். எந்திரத்தின் தடதடப்பை மீறப் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காதுக்குத்தான் கேடு. சத்தத்தைத் தடுக்கும் காதடைப்பான் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

நேரத்திலும் தவறு நடக்கும். ஊசியைக் கையில் எடுத்த பிறகு பாட்டைப் போட்டால், அதற்குள் பயம் ஏறிவிட்டிருக்கும். காத்திருக்கும் இடத்திலேயே தொடங்கி, முடிந்து எழுந்து உட்காரும் வரை ஓடட்டும். நிறுத்தும்போது சட்டென்று அணைக்காமல் மெல்லக் குறையுங்கள்.

எதுவும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. என்ன செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அவர்களிடம் ஹெட்போனை நீட்டாமல், இன்னும் எத்தனை தையல் என்று எண்ணிச் சொல்லுங்கள்.