ஏற்காட்டுச் சண்டைக்குக் கம்பும் கொடுவாளும்: பகடைக் கணக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதில் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் நடக்கிற கதையில் லாங்சோர்டு (நீள வாள்) ஒட்டாது. அதற்காகப் புது விதி எழுத உட்கார வேண்டாம். விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014 விதிகள்) இருக்கிற ஆயுதத்துக்கே பெயரை மாற்றினால் போதும். சிலம்பக் கம்பு என்றால் குவார்ட்டர்ஸ்டாஃப்: சேதத்துக்கு ஒரு கையில் 6 முகப் பகடை, இரண்டு கையால் பிடித்தால் 8 முகம். கொடுவாளுக்கு ஹேண்டாக்ஸ், 6 முகம்; எறியும் குணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். சுருள்வாளுக்குச் சாட்டை: 4 முகம்தான், ஆனால் 10 அடி எட்டும். மந்திரவாதிக்குக் கம்பு பழக்கம், கொடுவாள் பழக்கமில்லை.

அடி விழுமா என்பதற்கு 20 முகப் பகடையோடு பலத்தின் கூடுதல், ஆயுதம் பழகியிருந்தால் பழக்கப் புள்ளி. மொத்தம் எதிரியின் கவச எண்ணைத் தொட்டாலே அடி. பழக்கப் புள்ளி பாத்திரத்தின் முதல் நிலையில் 2, ஒன்பதில் 4, பதினேழில் 6.

இங்கேதான் பலர் ஏமாறுவது. முதல் நிலை, பலம் 16 (+3), எதிரியின் கவச எண் 15. பழகிய கம்புக்கு 10 விழ வேண்டும்: 55 சதவீதம். பழகாத கிரேட்சோர்டுக்கு 12: 45 சதவீதம். ஆனால் அது இரண்டு 6 முகப் பகடை உருட்டுவதால், சராசரிச் சேதத்தில் பழகாத வாளே கொஞ்சம் முந்தும்! ஒன்பதாம் நிலையில், பலம் 20, கவச எண் 17 என்றால் 65-க்கு 45, கம்பு ஜெயிக்கும். அதனால் கஞ்சமலை இரும்பில் அடித்த கொடுவாள் என்று சொல்லி ஆரம்பத்திலேயே +1 மாய ஆயுதம் கொடுத்துவிடாதீர்கள். பழக்கப் புள்ளியில் பாதியை இனாமாகக் கொடுத்த கணக்கு அது. போதாததற்குச் சேதத்திலும் 1 கூடும்.

20 முகப் பகடையில் 20 விழுந்தால் சேதப் பகடையை மட்டும் இரட்டியுங்கள், பலத்தின் கூடுதலை அல்ல.

அடுத்தது பனிமூட்டம். ஏற்காடு என்றால் அது வராமல் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத எதிரியை அடிக்க டிஸ்அட்வான்டேஜ் (20 முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுப்பது). அவனுக்கும் உங்களைத் தெரியாததால் அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது). இரண்டும் கழிந்து சாதாரண வீச்சாகிவிடும். 150 அடி தாண்டினால் லாங்போவுக்கு (நெடுவில்) வரவேண்டிய டிஸ்அட்வான்டேஜும் அதோடு அடிபட்டுப் போகும். 600 அடியில் நிற்பவனை வெயிலில் குறிவைப்பதைவிட மூட்டத்தில் குறிவைப்பது சுலபம் என்றாகிறது. சுத்த அபத்தம். ஆட்டம் தொடங்கும் முன்பே சொந்த விதி ஒன்று சொல்லிவிடுங்கள்: மூட்டத்தில் 10 அடிக்கு மேல் எய்தால் அட்வான்டேஜ் கிடையாது.